‘ஏ’க்கள் கூடுகின்றன... பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்?

தேர்வு முடிவு வெளிவரும் நாளில் கம்போங் ராஜாவில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எத்தனை ஏ?” காய்கறிக் கடையிலும் அதே கேள்வி, கோயில் வாசலிலும் அதே கேள்வி. பிள்ளைக்கு எந்தப் பாடம் பிடித்தது, எங்கே தடுமாறியது என்று கேட்பவர் குறைவு. எண்ணைச் சொன்னால் போதும். வாழ்த்தோ ஆறுதலோ கையோடு கிடைத்துவிடும்.

அந்த எண்ணும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றவர்கள் 2022ஆம் ஆண்டுத் தேர்வில் 10,109 பேர். 2023இல் 11,713 பேர். 2024இல் 14,179 பேர். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் இரண்டே ஆண்டுகளில் நான்காயிரம் பேர் கூடியிருக்கிறார்கள் என்றால், நாட்டுப் பிள்ளைகள் அந்த அளவுக்கு அதிகமாகக் கற்றுக்கொண்டுவிட்டார்களா? அல்லது வேறு ஏதேனும் மாறியிருக்கிறதா?

விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. புளூ வேலி தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வாழ்பவர்களுக்குத் தேயிலையைத் தரம் பிரிப்பது தெரிந்த சங்கதி. கொழுந்தை வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தியபின் கடைசியில் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். பெரிய துணுக்கு மேலே நிற்கும். அடுத்த அளவுக்கு பி.ஓ.பி. என்று பெயர். அதைவிடச் சிறியது ஃபேனிங்ஸ். அடியில் விழுவது டஸ்ட். வெளியூர்க்காரர்கள் இவற்றைச் சுவையின் தரம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் இவை துணுக்கின் அளவைச் சொல்லும் பெயர்கள். சுவை எப்படி என்று சொல்ல, ஊற்றிக் குடித்துப் பார்க்கும் ஆள் தனியாக உண்டு. சல்லடைக் கண்ணை மாற்றினால் அதே கொழுந்திலிருந்து பி.ஓ.பி. கூடும், அல்லது குறையும். கொழுந்து என்னவோ அதே கொழுந்துதான்.

தேர்விலும் ஒரு சல்லடை உண்டு. எத்தனை புள்ளிக்கு மேல் ‘ஏ’ என்று கிழிக்கப்படும் கோடும், கேள்வித்தாள் எவ்வளவு கடினம் என்பதும் சேர்ந்ததுதான் அந்தச் சல்லடை. பிள்ளையின் கையில் கிடைக்கும் சான்றிதழில் அது தெரிவதில்லை.

முதல் நிலையிலிருந்து ஏ பிளஸ் வரை

இன்று பேரப்பிள்ளைகளுக்கு முடிவு பார்க்கும் தாத்தா, பாட்டி காலத்தில் சான்றிதழில் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்றுதான் இருந்தது. முதல் நிலை என்றால் தோட்டமே திரும்பிப் பார்க்கும். 2000ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். சான்றிதழில் இந்த நிலைகள் எடுக்கப்பட்டு, ஒவ்வொரு பாடத்தின் தேர்ச்சியும் 1ஏ, 2ஏ, 3பி என்று தனித்தனியாகக் காட்டப்பட்டது. நல்ல நோக்கத்தில் வந்த மாற்றம்தான். ஆனால் மொத்தத்தைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் போனதும் ஊரும் உலகமும் ‘ஏ’க்களை எண்ணத் தொடங்கிவிட்டன. பாடங்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். 2008ஆம் ஆண்டுத் தேர்வில் கிளந்தான் மாணவி ஒருவர் 20 ஏ பெற்றது நாடு முழுவதும் தலைப்புச் செய்தியானது.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. 2009இல் ‘ஏ’ மூன்றாகப் பிரிந்தது: ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ். 2010இலிருந்து ஒருவர் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அரசாங்கம் முடிவு செய்தபோது இந்தியச் சமுதாயம் கொதித்தெழுந்தது நினைவிருக்கும். தமிழும் தமிழ் இலக்கியமும் முதலில் கைவிடப்படும் பாடங்கள் ஆகிவிடும் என்ற அச்சம் அது. பிறகு பன்னிரண்டு பாடங்கள் வரை எடுக்கலாம் என்று வழிவிடப்பட்டது.

இங்கே இன்னொரு கணக்கையும் புரிந்துகொள்வது நல்லது. ஒவ்வோர் ஆண்டும் முடிவுகளோடு ‘தேசியச் சராசரித் தேர்ச்சி’ என்று ஓர் எண் வெளியிடப்படுகிறது. மலாயில் ஜி.பி.என். 2022ஆம் ஆண்டுத் தேர்வுக்கு அது 4.74, 2023இல் 4.60, 2024இல் 4.49. எண் இறங்குகிறதே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். கவலை வேண்டாம், இது தலைகீழ்க் கணக்கு. ஏ பிளஸுக்குச் சுழியம், ஏக்கு ஒன்று, ஏ மைனஸுக்கு இரண்டு என்று தொடங்கித் தோல்விக்கு ஒன்பது வரை போகும். எண் குறைந்தால் தேர்ச்சி கூடியிருக்கிறது என்று பொருள். 4.49 என்பது பி, சி பிளஸ் இரண்டுக்கும் இடைப்பட்ட இடம். எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்ற 14,179 பேர் என்பது 3.7 விழுக்காடு மட்டுமே. நாளிதழ்களில் நாம் பார்க்கும் சிரித்த முகங்கள் அந்த நூற்றுக்கு நான்கு பேர்தான். மற்ற தொண்ணூற்றாறு பேரின் பெற்றோரும் அதே நாளிதழைத்தான் வாங்குகிறார்கள்.

சல்லடைக் கண் மாறிய ஆண்டு

சல்லடை மாறினால் என்ன ஆகும் என்பதை நாடு ஒருமுறை கண்கூடாகப் பார்த்தது. 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு உச்சம் 7ஏ. ஆண்டுக்கு ஆண்டு 7ஏ மாணவர்கள் கூடினார்கள். 2015இல் நாட்டில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றிருந்தனர். மறு ஆண்டு, அதாவது 2016இல், புதிய பாடத்திட்டத்தின்படி கேள்வித்தாள் மாறியது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் கூடின. ஆங்கிலமும் கருத்துணர்தல், எழுத்து என்று இரண்டாகப் பிரிந்து தமிழ்ப்பள்ளிகளின் உச்சம் 8ஏ ஆனது. விளைவு? நாடு முழுவதிலும் எல்லாவற்றிலும் ‘ஏ’ பெற்றவர்கள் 4,896 பேர் மட்டுமே. 1.11 விழுக்காடு.

ஒரே ஆண்டில் பிள்ளைகள் இப்படி மந்தமாகிவிட்டார்களா? அதே வகுப்பறை, அதே ஆசிரியர்கள், முந்தைய ஆண்டு மாணவர்களின் தம்பி தங்கைகள். அந்த ஆண்டு அழுத பிள்ளைகளுக்கும் திட்டிய பெற்றோருக்கும் இதை யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை. அண்ணனுக்கு 7ஏ, தம்பிக்கு 3ஏ என்றால் வீட்டில் தம்பி மக்கு என்று முடிவாகிவிட்டது. 2017இல் விழுக்காடு 1.83 ஆகக் கூடியது. புதிய கேள்வித்தாளுக்குப் பள்ளிகள் பழகத் தொடங்கிவிட்டன என்பதே அதற்கு எளிய விளக்கம்.

பழகுவதும் கற்பதும் ஒன்றா என்பதுதான் கேள்வி. அதை நம் நாட்டுத் தேர்வை வைத்தே அளக்க முடியாது. வெளியே ஒரு தராசு வேண்டும். அப்படி ஒரு தராசு இருக்கிறது. டிம்ஸ் எனப்படும் அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வில் நம் படிவம் இரண்டு மாணவர்கள் 1999லிருந்து பங்கெடுக்கிறார்கள். அந்த ஆய்வு ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடும்படி அமைக்கப்பட்டது. அதன் நடுப்புள்ளி 500. மலேசிய மாணவர்கள் கணிதத்தில் 1999இல் பெற்றது 519, 2003இல் 508, 2007இல் 474, 2011இல் 440. நாட்டில் ‘ஏ’ வேட்டை உச்சத்தில் இருந்த அதே பத்தாண்டுகள் இவை! பிறகு 2015இல் 465 ஆகச் சற்றே ஏறி, 2019இல் 461 ஆகி, 2023இல் 411 ஆக விழுந்தது. பதினைந்து வயதினருக்கான பிசா ஆய்விலும் இதே கதைதான். 2018இல் கணிதத்தில் 440 பெற்ற மலேசியா, 2022இல் 409 பெற்றது. வாசிப்பில் 415லிருந்து 388க்கு இறங்கியது. கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பள்ளி மூடலை அனுபவித்த மாணவர்கள்தான் பிறகு எஸ்.பி.எம். எழுதினார்கள், அங்கே தேர்ச்சி கூடியிருக்கிறது.

இதைச் சொன்னதும் ‘அப்படியானால் ‘ஏ’க்கள் எல்லாம் போலியா?’ என்று கோபப்படத் தேவையில்லை. உயர்வில் ஒரு பகுதி உண்மையானது. பாலர் பள்ளிக்குப் போகாமலே முதலாம் ஆண்டுக்கு வந்த பிள்ளைகள் ஒரு காலத்தில் தோட்டங்களில் ஏராளம். கொழுந்து பறிக்கும் தாய்க்கு உதவியாக வீட்டில் நின்ற அக்காமார்கள் ஏராளம். இன்று அந்த நிலை வெகுவாக மாறியிருக்கிறது. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது அநியாயம். ஆனால் உயர்வின் இன்னொரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கத்தானே வேண்டும்?

எண்ணுக்கு விலை வைத்தபோது

2010இல் அரசாங்கம் பள்ளிகளை ஒன்று முதல் ஏழு வரை பிரிவுகளாகத் தரம் பிரிக்கத் தொடங்கியது. அந்தத் தரத்தில் 70 விழுக்காடு பள்ளியின் சராசரித் தேர்ச்சியைச் சார்ந்திருந்தது. ‘தாவாரான் பாரு’ என்ற திட்டத்தின் கீழ், இலக்கை மிஞ்சிய தலைமையாசிரியர்களுக்கு 7,500 ரிங்கிட் வெகுமதியும் அறிவிக்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் ஓர் எண்ணுக்கு விலை வைத்துவிட்டால், எல்லோரும் அந்த எண்ணைத்தான் வளர்ப்பார்கள்.

எப்படி வளர்த்தார்கள் என்பது பெற்றோருக்கே தெரியும். ஆறாம் ஆண்டு தொடங்கியதுமே பாடநூல் ஓரமாகப் போய்விடும். கடந்த ஆண்டுக் கேள்விகள், பயிற்சி நூல்கள், முன்னோட்டத் தேர்வுகள், விடுமுறையில் பட்டறைகள், மாலையில் பிரத்தியேக வகுப்பு. நாளிதழ்கள் மாதிரிக் கேள்வித்தாள்களை அச்சிட்டன. கட்டுரைக்கு மனப்பாடம் செய்ய ஐந்து மாதிரிகள் கொடுக்கப்பட்டன. எந்தத் தலைப்பு வந்தாலும் அதில் ஒன்றை வளைத்து எழுதிவிடலாம். இதில் ஆசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மேலே கேட்கப்பட்டது எண். கீழே அவர் எண்ணைக் கொடுத்தார்.

இதன் செலவை யார் கொடுத்தார்கள் என்பதுதான் கவனிக்கப்படாத பகுதி. 6ஏ நிலையில் இருக்கும் பிள்ளையை 7ஏக்கு ஏற்றினால் படம் வரும். ‘சி’ விளிம்பில் நிற்பவனைத் தள்ளிவிட்டால் தேர்ச்சி விகிதம் ஏறும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையை ஓராண்டு முழுதும் உட்காரவைத்துக் கற்பித்தாலும் அவன் ‘ஈ’யிலிருந்து ‘டி’க்கு வருவான், அதற்கு யார் கைதட்டுவது? ஈப்போவிலோ கிள்ளானிலோ இருந்தால் பணம் கொடுத்தாவது வகுப்பு தேடலாம். மலை உச்சியில், தோட்ட வேலையோ காய்கறிப் பண்ணை வேலையோ பார்க்கும் குடும்பத்துக்குப் பள்ளி ஒன்றுதான் கதி. அங்கே பின்வரிசையில் விடப்பட்ட பிள்ளைக்கு வேறு போக்கிடம் இல்லை.

அவன் நிலை எப்போது வெளிப்படும்? இடைநிலைப்பள்ளியில். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் தமிழில் படித்தவன், அங்கே வரலாற்றையும் புவியியலையும் மலாயில் படிக்க வேண்டும். யூ.பி.எஸ்.ஆர். காலத்தில் மலாய்மொழித் தாள்களில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டுத்தான் படிவம் ஒன்றுக்குப் போனார்கள். அது தண்டனை போலப் பார்க்கப்பட்டது. ஆனால் பயிற்சித்தாள் பழக்கத்தால் அந்தக் கோட்டை எப்படியோ தாண்டிவிட்டு, படிவம் ஒன்றில் வரலாற்றுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையின் பாடு அதைவிட மோசம். எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய்மொழியிலும், 2013லிருந்து வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். படிவம் இரண்டிலோ மூன்றிலோ பள்ளியை விட்டு நின்றுவிடும் பையன்களில் பலர் இந்த இடத்தில் வழுக்கியவர்கள். இன்னொன்று: தேர்வுக்கே வராதவனுக்குத் தேர்ச்சி எதுவும் கிடையாது. ஆகவே அவன் சராசரியையும் இறக்குவதில்லை. பலவீனமானவர்கள் நின்றுவிட்டால் பள்ளியின் எண் அழகாகவே தெரியும்.

தேர்வை எடுத்துவிட்டால்?

2021இல் யூ.பி.எஸ்.ஆர். கைவிடப்பட்டது. 2022இல் பி.டி.3. அதற்குப் பதில் வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை ‘தேர்ச்சி நிலை’ கொடுக்கப்பட்டது. 2022/2023 கல்வியாண்டில் நான்காம் ஆண்டிலிருந்து படிவம் மூன்று வரை ‘உவாசா’ என்னும் ஆண்டிறுதித் தேர்வும் வந்தது.

அழுத்தம் குறைந்தது உண்மை. ஆனால் ஆசிரியரே கற்பித்து, ஆசிரியரே நிலையும் கொடுக்கும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டன் நல்ல சான்று. அங்கே ஏ-லெவல் தேர்வில் 2019இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குத் தாள்கள் ‘ஏ’யும் அதற்கு மேலும் பெற்றன. கோவிட் காரணமாகத் தேர்வை நிறுத்திவிட்டு ஆசிரியர் மதிப்பீட்டை ஏற்றதும் 2021இல் அது 44.8 விழுக்காடானது. தேர்வு திரும்ப வந்து, பழைய கோட்டையும் திரும்பக் கொண்டுவந்தபின் 2023இல் 27.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. அங்குள்ள ஆசிரியர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல. ஐயத்தின் பலனைத் தன் பிள்ளைக்குக் கொடுப்பது மனித இயல்பு.

ஆகவே தமிழ்ப்பள்ளியிலிருந்து ‘தேர்ச்சி நிலை ஐந்து’ என்று அறிக்கை வந்தால் பெற்றோர் அதோடு நிற்கக் கூடாது. தேயிலைக்கு ஊற்றிக் குடித்துப் பார்ப்பவர் இருப்பதுபோல, வீட்டிலும் ஒருமுறை சுவைத்துப் பார்க்கலாம். படிவம் ஒன்று வரலாற்று நூலையோ ஒரு மலாய் நாளிதழையோ கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று தமிழிலேயே கேட்கலாம். கடையில் வாங்கிய பொருளுக்குக் கழிவு பத்து விழுக்காடு என்றால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். படிக்காத பெற்றோரும் இதைச் செய்ய முடியும். பிள்ளை தயங்கினால் ஆசிரியரிடம் போய், “ஐயா, எத்தனை ஏ?” என்பதற்குப் பதிலாக, “எதில் தடுமாறுகிறான்?” என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு நல்ல ஆசிரியர் அரை மணி நேரம் பதில் சொல்வார்.

பத்தாவது பாடம்

இவ்வளவு சொன்னபிறகும் ஓர் உண்மையை மறைக்க முடியாது: ‘ஏ’தான் கதவைத் திறக்கிறது. 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம். தேர்வில் 10ஏயும் அதற்கு மேலும் பெறும் எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். நீண்டகாலக் குறைக்கு ஒரு மருந்து அது. அறிவிப்பு வந்த கையோடு எழுந்த சர்ச்சை என்ன தெரியுமா? ஏ மைனஸ் ‘ஏ’யில் சேருமா, சேராதா என்பது! முடிவு நாளில் ‘எல்லாம் ஏ’ என்று எண்ணும்போது ஏ மைனஸும் சேர்கிறது. இடம் கொடுக்கும்போது அதே எழுத்து விவாதப் பொருளாகிறது. ஒரே எழுத்துக்கு இரண்டு சல்லடைகள்.

இந்தப் பத்து என்ற எண் தமிழ்ப் பிள்ளைகளை ஒரு விசித்திரமான இடத்தில் நிறுத்துகிறது. மலாய், ஆங்கிலம், நன்னெறி, வரலாறு, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று அறிவியல் பிரிவு மாணவர் எடுத்தால் ஒன்பது வருகிறது. பத்தாவதாகப் பலருக்குத் தமிழ்தான் கைகொடுக்கும். ஆனால் ‘தமிழில் ஏ கிடைப்பது கடினம், அது மற்ற ஏக்களையும் கெடுத்துவிடும்’ என்ற பேச்சு நம் வீடுகளில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் தமிழ்ப்பள்ளியில் தமிழில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற பிள்ளையே படிவம் நான்கில் தமிழை விட்டுவிடுகிறது. அதன் எண் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பத்தாவது பாடம் அதனிடம் இல்லை.

நகரத்துப் பள்ளியில் ஒரு பிள்ளை விலகினால் வகுப்பு நின்றுவிடாது. மலைநாட்டில் கணக்கு வேறு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் வசதி கேட்பதற்குக் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். கேமரன் மலையில் தமிழ்க் குடும்பங்கள் வேலை தேடிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில், பதினைந்து பெயர் சேர்ப்பதே பெரும்பாடு. ‘ஏ’ குறைந்துவிடும் என்று ஒரு தகப்பனார் தம் மகளின் பெயரை எடுத்துக்கொண்டால் பட்டியலில் மிஞ்சுவது பதினான்கு. அந்தப் பதினான்கு பேருக்கும் கேட்கும் உரிமை அத்தோடு போய்விடும்.